பாக் விரிகுடாவில் ஓடும் ஃபைபர் படகுக்கு எந்த ஃபிஷ் ஃபைண்டர்: 50ஆ, 200 கிலோஹெர்ட்ஸா?

கரையை ஒட்டித்தான் தொழில், ஒலியை அனுப்பி மீனைத் திரையில் காட்டும் இந்தக் கருவியில் இரண்டில் எது வாங்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். 200 போதும். பாக் விரிகுடாவின் பெரும்பகுதி 15 மீட்டர் ஆழம்கூட இல்லை. 50-இல் ஒலி ஆழமாகப் போகும். ஆனால் அகலமாக விரியும். 45 பாகைக் கூம்பு என்றால் 10 மீட்டர் ஆழத்தில் 8 மீட்டர் வட்டம். 200-இல் 20 பாகைக் கூம்புக்கு மூன்றரை மீட்டர்தான். வட்டம் சிறுத்தால் பாரின் (கடலடிப் பாறைத் திட்டின்) விளிம்பும் அதை ஒட்டி நிற்கும் மீனும் தனித்தனியாகத் தெரியும். நூறு பாகம் (சுமார் 180 மீட்டர் ஆழம்) தாண்டி ஆழக்கடலுக்குப் போகிறவருக்குத்தான் 50 வேண்டும்.

திரையின் அளவைப் பார்த்துக் காசைக் கொட்டாதீர்கள். மீன் பொம்மை போட்டுக் காட்டும் வசதியை முதல் நாளே அணைத்துவிடுங்கள். அது நுரையையும் பாசியையும்கூட மீனாக்கிவிடும். மீனின் காற்றுப்பையில்தான் ஒலி பலமாக மோதித் திரும்பும். அது இல்லாத சுறா, உடம்பு பெருத்திருந்தும் மங்கலாகவே விழும்.

ஒலியை அனுப்பி வாங்கும் டிரான்ஸ்டியூசரைப் புரொப்பல்லர் பக்கத்தில் மாட்டாதீர்கள். நான் அப்படித்தான் மாட்டினேன். வேகம் எடுத்ததும் திரை முழுக்கப் புள்ளி மழை. ஒரு முழம் தள்ளி மாட்டிய பிறகுதான் தரை ஒரே கோடாக வந்தது.