இரவு பத்து மணிக்குப் பிறகு மகள் செய்யும் வேலை

கேள்வி: கோண்டாவிலில் இருந்து எழுதுகிறேன். கூட்டுறவுச் சங்கமொன்றில் 20 வருடமாக எழுதுவினைஞர். இப்போது பேரேடுகளைக் கணினியில் ஏற்றச் சொல்கிறார்கள். வேர்ட் ஓரளவு தெரியும். எக்ஸெல் என்றால் பயம். இப்போதைக்குச் சாதாரண தரம் படிக்கிற மகள் இரவு பத்து மணிக்குப் பிறகு செய்து தருகிறாள், அவளுக்கு அது விளையாட்டு மாதிரி. எங்கே படிக்கலாம்? ரொறன்ரோவில் இருக்கும் அக்கா சொல்லித் தருவதாகச் சொல்கிறார். வட்ஸ்அப், வைபர், சூம் ஆகியவற்றில் எது நல்லது?

பதில்: தங்கச்சி, உங்கள் கடிதத்தில் ஒரு வரியைத் தவிர மற்றதெல்லாம் எளிதில் தீரக்கூடியது. அந்த வரியைத்தான் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள்.

மகளுக்கு விளையாட்டா? பாடசாலை, ரியூசன், வீட்டுப்பாடம் எல்லாம் முடித்துக் கண் எரிகிற நேரத்தில் அம்மாவின் அலுவலகக் கணக்கைத் தட்டுவதை எந்தப் பிள்ளையும் விளையாட்டாகச் செய்யாது. நீங்கள் திண்டாடுவதைப் பார்க்க மனம் பொறுக்காமல் செய்கிறாள். மாட்டேன் என்று சொல்ல அவளுக்கு வாய் வராது. பரீட்சையைச் சுமக்கிற பிள்ளையைத் தூங்க விடுவது தாயின் கடமை. தாயின் உத்தியோகத்தைக் காப்பாற்றுவது அவளுடைய கடமை அல்ல. பட்டியலின் அடியில் கையொப்பம் உங்களுடையது. ஓர் அங்கத்தவரின் கடன் மீதியில் ஒரு பூச்சியம் கூடிவிட்டால், கணக்காய்வாளருக்கு யார் பதில் சொல்வது? மகளா?

எக்ஸெல் உங்களுக்குப் பிடிபடாது என்பதை நான் ஏற்கமாட்டேன். வரவு, செலவு, மீதி என்று 20 வருடம் கோடு போட்டு எழுதிய கை அது. முதல் வரியின் மீதியை நீங்களே இடுங்கள். இரண்டாம் வரியின் மீதிக் கட்டத்தில் சமன் குறி போட்டு, மேல் வரி மீதியோடு இந்த வரியின் வரவைக் கூட்டி, செலவைக் கழிக்கும்படி ஒருமுறை எழுதுங்கள். பிறகு அந்தக் கட்டத்தின் வலப்பக்கக் கீழ் மூலையில் இருக்கும் சிறிய சதுரத்தைப் பிடித்துக் கீழே இழுங்கள். மற்ற வரிகளின் மீதியெல்லாம் தானாக வரும். பெயர்களைப் பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்ய வேண்டாம். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அவை ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். அகர வரிசைப்படி அடுக்கவும் முடியாது. எந்தக் கணினியிலும் தமிழாகவே தெரியும் பொது முறையான யுனிகோட்டில் எழுதுங்கள்.

வகுப்புக்கு, யாழ்ப்பாணத் தொழில்நுட்பக் கல்லூரியில் பகுதிநேரப் பாடநெறி இருக்கிறதா என்று விசாரியுங்கள். ஆளுக்கொரு கணினி தராத இடத்தில் காசு கட்டாதீர்கள்.

அக்காவிடம் கேட்பது நல்லது. வட்ஸ்அப்பா வைபரா என்று மண்டையை உடைக்க வேண்டாம், இரண்டும் போதும். குரல் பதிவு அனுப்புவது சுலபம். மறுநாள் அதில் எந்த இடத்தில் என்ன சொன்னார் என்று தேடுவது பெரும் வதை. எழுத்தில் வந்த பதிலை அலுவலக மேசையிலும் திறந்து பார்க்கலாம். ஆகவே கேள்வியை எழுதியே அனுப்புங்கள். எங்கே தடுக்கிறது என்று உங்களுக்கே புரியாதபோது மட்டும் காணொளி அழைப்பில் திரையைக் காட்டுங்கள். இலவச சூம் 40 நிமிடத்தில் அறுந்துவிடும், ஒரு பாடத்துக்கு அது தாராளம். சனிக்கிழமை மாலை 6.30க்கு நீங்கள் உட்கார்ந்தால் அங்கே காலை 8 அல்லது 9 மணி. ஒன்று மட்டும்: அங்கத்தவரின் பெயரும் கடனும் உள்ள பட்டியலை அக்காவுக்கும் அனுப்பக்கூடாது. பொய்ப் பெயர் போட்டுப் பழகுங்கள்.

நாளைக்கே முகாமையாளரிடம் போய், இதுவரை மகள்தான் செய்தாள் என்பதை மறைக்காமல் சொல்லி, பழகுவதற்கு அவகாசம் கேளுங்கள். ஏசினால் கேட்டுக்கொள்ளுங்கள். அவகாசம் தர மறுத்தால் பழைய பேரேட்டிலேயே எழுதிக் கொடுங்கள். மகளை மட்டும் இனி அந்தக் கணினிக்கு முன்னால் உட்கார வைக்காதீர்கள்.