தரவுத்தள அட்டவணையில் கணக்கிட்டு வரும் நெடுவரிசைக்கு இண்டெக்ஸ் (வேகமாகத் தேட உதவும் வரிசைப் பட்டியல்) போட முடியுமா?

போடலாம். ஆனால் ஒரு நிபந்தனை உண்டு.

விற்பனை அட்டவணையில் எண்ணிக்கை, விலை என்று இரண்டு நெடுவரிசைகள் இருக்கின்றன. மூன்றாவதாக ‘தொகை = எண்ணிக்கை × விலை’ என்று சூத்திரத்தை மட்டும் சொல்லி வைக்கிறோம். இதுதான் கணக்கிட்ட நெடுவரிசை. தொகை 10,000-க்கு மேல் உள்ளவற்றைக் கேட்டால் ஒவ்வொரு வரியையும் பெருக்கிப் பார்த்தாக வேண்டும். பத்து லட்சம் வரி என்றால் பத்து லட்சம் பெருக்கல். இண்டெக்ஸ் இருந்தால் விடைகள் ஏற்கெனவே வரிசையில் இருக்கும். 10,000 இருக்கும் இடத்துக்கு நேராகப் போய்விடலாம். பதிலுக்கு, விலையை மாற்றும்போதெல்லாம் இண்டெக்ஸையும் திருத்தும் வேலை கூடும்.

சரி, நிபந்தனை என்ன? நகைக்கடையை நினைத்துப் பாருங்கள். மொத்த எடையில் கல் எடையைக் கழித்தால் தங்கத்தின் எடை. அது என்றைக்கும் மாறாது, சீட்டில் எழுதிக் கட்டிவிடலாம். இன்றைய விலையை எழுதிக் கட்டினால்? நாளைக் காலையில் அது தப்பு. அதனால்தான் மைக்ரோசாஃப்டின் தரவுத்தளமான எஸ்க்யூஎல் சர்வரில் கெட்டேட் (இப்போதைய தேதியையும் நேரத்தையும் தருவது) போன்ற, அழைக்கும் நேரத்துக்கேற்ப மாறும் செயல்பாட்டைச் சேர்த்தால் இண்டெக்ஸ் போட விடாது. பிறந்த தேதியிலிருந்து இன்றைய வயதைக் கணக்கிடும் நெடுவரிசையில் பலர் மாட்டுவது இங்கேதான். இன்னொரு தரவுத்தளமான போஸ்ட்கிரெஸும் இதே விதியைத்தான் வைத்திருக்கிறது.

அப்புறம், ‘பெர்சிஸ்டட் (கணக்கிட்ட விடையை அட்டவணையிலேயே சேமித்து வை) என்று குறித்தால்தான் இண்டெக்ஸ் போட முடியும்’ என்று பலர் நம்புகிறார்கள்; எஸ்க்யூஎல் சர்வரில் ஃபுளோட் மாதிரி துல்லியம் குறைந்த வகை கலந்தால்தான் அது தேவை, முழு எண்ணிலோ டெசிமலிலோ போடும் சாதாரணக் கணக்குக்கு வேண்டியதில்லை.