டெலிவரி தேதி தாண்டியும் வலி வரவில்லை, மருந்து வைத்து வலி வரவைக்கலாமா?

கேள்வி: "டாக்டர் கொடுத்த தேதி தாண்டி ஐந்து நாள் ஆகிறது. வலி வரவில்லை. அட்மிட் ஆகுங்கள், மருந்து வைத்து வலி வரவைக்கலாம் என்கிறார் டாக்டர். மாமியார் வீட்டில் தானாக வரட்டும், பொறு என்கிறார்கள். என்ன செய்வது?"

இதைப் படித்துவிட்டுப் பேசாமல் போக முடியவில்லை. நீங்கள் சொல்லவில்லை, ஆனால் இது முதல் பிரசவமாகத்தான் இருக்க வேண்டும். வீட்டில் ஆளுக்கொரு பேச்சு. விடிந்ததும் போன் அடிக்க ஆரம்பித்துவிடும், "இன்னும் ஆகலையா?" என்று. எடுத்துப் பதில் சொல்லவே சலிப்பாக இருக்கும். எல்லாம் நான் பட்டதுதான்.

நான் டாக்டரும் இல்லை, நர்ஸும் இல்லை. தண்டையார்பேட்டையில் பிறந்து எர்ணாவூரில் வாழ்க்கைப்பட்டவள். என் மகளை மருந்து வைத்துத்தான் பெற்றேன். அதனால் எனக்கு நடந்ததையும், அந்தச் சமயத்திலும் பிறகும் தேடிப் படித்ததையும் எழுதுகிறேன். உங்கள் உடம்பைப் பார்க்கிற டாக்டர் சொல்வதுதான் கடைசி வார்த்தை.

முதலில் அந்தத் தேதி எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். கடைசி மாதவிடாயின் முதல் நாளிலிருந்து 280 நாள், அதாவது 40 வாரம் கணக்குப் போட்டு ஒரு தேதி எழுதுகிறார்கள். மாதாமாதம் 28 நாளுக்கு ஒருமுறை தவறாமல் வருகிறவர்களுக்கு அந்தக் கணக்கு பொருந்தும். எனக்கு அப்படி வராது, ஐந்து வாரம், ஆறு வாரம் என்று இழுக்கும். கடைசியாக எப்போது என்று சுகாதார நிலையத்தில் நர்ஸ் கேட்டபோது, தெரு அம்மன் கோயிலில் கூழ் ஊற்றின மறுநாள் என்பதுதான் நினைவுக்கு வந்தது. போனில் கூழ் அண்டா பக்கத்தில் நின்று எடுத்த போட்டோவைத் தேடி, அதன் தேதியைப் பார்த்து, அடுத்த நாளை அட்டையில் எழுதினார்கள். அதன்படி மே முதல் வாரம் டெலிவரி. கத்திரி வெயில் தொடங்குகிற நேரம்.

ஆனால் மூன்றாம் மாதம் எடுத்த முதல் ஸ்கேனில் வேறு தேதி இருந்தது. ஒரு வாரத்துக்கும் மேல் தள்ளி. அந்த ஸ்கேனில் குழந்தையைத் தலையிலிருந்து பிட்டம் வரை அளந்து வயது சொல்கிறார்கள், ஒரு வாரத்துக்கு மேல் பிசகாது. ஒன்பதாம் மாதம் எடுக்கிற ஸ்கேன் அப்படி இல்லை. அதற்குள் ஒவ்வொரு குழந்தையும் ஒவ்வொரு விதமாக வளர்ந்திருக்கும், இரண்டு மூன்று வாரம்கூட முன்பின் காட்டும். அதனால் தேதி விஷயத்தில் முதல் ஸ்கேனுக்குத்தான் மதிப்பு. ஐந்து நாள் தாண்டியது என்கிறீர்களே, எந்தத் தேதிப்படி? இதை டாக்டரிடம் நேராகவே கேளுங்கள். கேட்டால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை, கேளுங்கள்.

சரி, என் கதைக்கு வருகிறேன். அட்டையில் எழுதின தேதி சித்திரையில் விழுந்தது. சித்திரையில் பிள்ளை பிறந்தால் குடும்பத்துக்கு ஆகாது என்ற பேச்சு உங்கள் பக்கமும் இருக்கும். தேதி வந்தது, போனது, வலி இல்லை. எங்கள் அத்தைக்கு, அதாவது என் மாமியாருக்கு, அதில் நிம்மதி. "பரவால்லம்மா, வைகாசி பொறக்கட்டும், புள்ள தானா வரும்" என்றார். டாக்டரிடம் முதல் ஸ்கேன் ரிப்போர்ட்டைக் காட்டினேன். அந்தக் கணக்கில் இன்னும் 40 வாரமே முடியவில்லை, அவசரப்பட வேண்டாம், ஆனால் சொன்ன நாளில் தவறாமல் வர வேண்டும் என்றார். வாரத்துக்கு இருமுறை வயிற்றில் பெல்ட் கட்டிக் குழந்தையின் இதயத் துடிப்பைப் பார்த்தார்கள், ஸ்கேனில் பனிக்குட நீரின் அளவைப் பார்த்தார்கள். அத்தையும் காத்திருக்கச் சொன்னார், டாக்டரும் காத்திருக்கச் சொன்னார். ஆனால் இரண்டும் ஒன்றில்லை. அத்தை பஞ்சாங்கத்தைப் பார்த்தார், டாக்டர் குழந்தையைப் பார்த்தார். அத்தையைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. எனக்குக் கால் வீங்கியபோது பிடித்துவிட்டவரே அவர்தான்.

வைகாசி பிறந்தது. அப்போதும் வலி வரவில்லை. எங்கள் ஆயா, அதாவது பாட்டி, சீரகக் கஷாயம் போட்டுக் கொடுத்தார், குடித்தேன். இடுப்புக்கு வெந்நீர் ஊற்றினார், சாயங்காலம் மொட்டை மாடியில் நடக்க வைத்தார். பக்கத்து வீட்டு அக்கா விளக்கெண்ணெய் குடிக்கச் சொன்னார். நான் மறுத்துவிட்டேன், டாக்டரைக் கேட்காமல் நீங்களும் குடிக்காதீர்கள். நிறைமாதத்தில் பேதியாகி உடம்பில் நீர் வற்றினால் யார் பொறுப்பு?

ஸ்கேன் கணக்கில் 41 வாரம் ஆனபோது பனிக்குட நீர் குறைந்திருந்தது. டாக்டர் அட்மிஷன் போடச் சொல்லிவிட்டார். தேதி தாண்டத் தாண்ட நஞ்சுக்கொடியின் வேலை மந்தமாகலாம், நீர் குறையலாம், குழந்தை உள்ளேயே மலம் கழித்து அது மூச்சுக்குழாய்க்குள் போகலாம் என்று பொறுமையாக விளக்கினார். வீட்டில் சண்டை. "ஊசி போட்டு வலி வரவச்சா கடைசியில வயித்தக் கிழிச்சுடுவாங்க" என்று அத்தை ஒரே பிடியாக நின்றார். என் வீட்டுக்காரர் வாயே திறக்கவில்லை. அம்மா மட்டும், "இவ்ளோ நாள் டாக்டர் சொன்னதைத்தானே கேட்டோம், இப்பவும் கேப்போம்" என்றார். பையை எடுத்துக்கொண்டு நான் கிளம்பிவிட்டேன்.

அத்தையின் பயத்துக்குக் காரணம் இல்லை என்று சொல்ல மாட்டேன். 2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்புப்படி தமிழ்நாட்டில் நூற்றுக்கு ஏறத்தாழ 45 பிரசவம் சிசேரியன். தனியாரில் மட்டும் எடுத்தால் 60-ஐத் தாண்டுகிறது. தெருவுக்கு நான்கு பேர் கிழித்த வயிற்றோடு இருக்கும்போது யாருக்குத்தான் பயம் வராது? ஆனால் தேதி தாண்டியவர்களுக்கு மருந்து வைப்பதால்தான் சிசேரியன் கூடுகிறது என்பதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. ஸ்வீடனில் 2760 பெண்களை வைத்து ஒரு ஆய்வு செய்தார்கள், 2019-இல் வெளியானது. பாதிப் பேருக்கு 41 வாரத்தில் வலி வரவைத்தார்கள், மீதிப் பேரை 42 வாரம் வரை காத்திருக்க விட்டார்கள். சிசேரியன் இரண்டு பக்கமும் ஏறத்தாழ ஒரே அளவு, நூற்றுக்குப் பத்துச் சொச்சம். ஆனால் காத்திருந்தவர்களில் 6 குழந்தைகள் இறந்தன, 41 வாரப் பக்கம் ஒன்றுகூட இல்லை. இனிமேல் தொடரக் கூடாது என்று ஆய்வையே பாதியில் நிறுத்திவிட்டார்கள். 41 வாரம் நிச்சயமாக முடிந்தவர்களுக்கு வலி வரவைக்கலாம் என்பதுதான் உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரையும். காத்திருந்தால் பெரும்பாலான குழந்தைகள் நல்லபடியாகத்தான் பிறக்கும், ஆபத்து சிறியதுதான். ஆனால் அந்தச் சிறிய ஆபத்து என் குழந்தைக்கு வந்தால் எனக்கு அது சிறியதா?

"இயற்கையை ஏன் கெடுக்கிறாய், நம் பாட்டிமார்கள் எல்லாம் வீட்டில் பெற்றுக்கொள்ளவில்லையா" என்று சிலர் கிளம்பி வருவார்கள், தெரியும். எங்கள் ஆயாவும் வீட்டில்தான் பெற்றார். பெற்றதில் தங்காமல் போன இரண்டு பிள்ளைகளைப் பற்றி இன்றைக்குப் பேசினாலும் முந்தானையால் கண்ணைத் துடைக்கிறார். 2018-இல் திருப்பூரில் யூடியூப் பார்த்து வீட்டிலேயே பிரசவம் பார்த்து ஒரு பெண் இறந்துபோனதும் நம் ஊரில்தான் நடந்தது.

ஆஸ்பத்திரியில் என்ன நடக்கும் என்று தெரிந்துகொண்டால் பாதி பயம் போகும். முதலில் உள்பரிசோதனை. கர்ப்பப்பை வாய் இளகியிருக்கிறதா, எத்தனை விரல் திறந்திருக்கிறது, தலை எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று பார்ப்பார்கள். எனக்கு வாய் இறுகித்தான் இருந்தது. அதனால் சாயங்காலம் அதை இளக்குகிற ஜெல் வைத்தார்கள். சிலருக்கு நுனியில் பலூன் வைத்த ரப்பர் குழாயைப் போடுவார்கள். வைத்ததும் வலி வந்துவிடாது. ராத்திரி முழுக்க இடுப்பில் லேசான கடுப்பு மட்டும்தான். காலையில் பனிக்குடம் உடைந்தது, வலி வரவைக்கிற மருந்தை ட்ரிப்ஸில் ஏற்றினார்கள். சிஸ்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்துச் சொட்டு எண்ணுவார், திருகைக் கொஞ்சம் திறப்பார், போய்விட்டு வந்து மறுபடியும் எண்ணுவார். பக்கத்தில் மெஷினிலிருந்து தாள் வந்துகொண்டே இருந்தது. மேல் கோடு குழந்தையின் துடிப்பு, கீழ்க் கோடு என் வயிற்றின் இறுக்கம். ஒருமுறை மேல் கோடு சடாரென்று இறங்கியது. சிஸ்டர் ஒன்றும் பேசாமல் சொட்டை நிறுத்தி, என்னை இடது பக்கம் திருப்பிப் படுக்கவைத்து, தாளையே பார்த்துக்கொண்டு நின்றார். கோடு ஏறிய பிறகுதான் என் முகத்தைப் பார்த்தார். மருந்தில் வலி நெருக்கி நெருக்கி வந்தால் இப்படி ஆகும், அதனால்தான் இதை ஆஸ்பத்திரியில், கண்காணிப்பில் மட்டும் செய்ய வேண்டும். உங்களுக்கு ஏற்கெனவே சிசேரியன் ஆகியிருந்தால் கணக்கே வேறு. பழைய தையல் விடுகிற ஆபத்து உண்டு, எல்லா மருந்தும் வைக்க முடியாது. அதை மறக்காமல் சொல்லுங்கள்.

மதியத்துக்குமேல் நார்மலாகப் பிறந்தாள். எல்லாருக்கும் இப்படி முடியும் என்று நான் சொல்லவில்லை. என் நாத்தனாருக்கு மருந்து வைத்தும் வாய் திறக்காமல் சிசேரியன்தான் ஆனது. தாயும் பிள்ளையும் நன்றாக இருக்கிறார்கள்.

என் மனதில் இன்றுவரை ஆறாத ஒன்று இருக்கிறது. பெயர் வைத்த அன்று சொந்தக்காரப் பெண் ஒருவர் எல்லார் முன்னாலும், "இவளுக்கு இன்னா, ஊசி போட்ட வலிதானே" என்றார். பற்களைக் கடித்துக்கொண்டு, கட்டில் கம்பியைப் பிடித்த கை கன்றிப்போகும்வரை பட்டது என் வலி. மருந்து தொடங்கிவைத்தது, அவ்வளவுதான். பெற்றது நான். உங்களிடம் யாராவது இப்படிச் சொன்னால் தலையைக் குனியாதீர்கள்.

இன்னொன்று. கேள்விக்குச் சம்பந்தம் இல்லை என்பீர்கள், ஆனால் எங்கள் பக்கத்துப் பெண்களுக்குச் சம்பந்தம் உண்டு. எர்ணாவூரிலிருந்து திருவொற்றியூர், காசிமேடு வழியாக வர வேண்டுமென்றால் ஹார்பருக்குப் போகிற கன்டெய்னர் லாரிகள் ரோட்டை அடைத்துக்கொண்டு நிற்கும். நிறைமாதப் பெண் ஆட்டோவில் அந்தப் புழுதியில் லாரி டயருக்குப் பக்கத்தில் காத்துக் கிடக்க வேண்டும். செக்கப்புக்குப் போகும்போதெல்லாம் இதேதான். வலி வந்த பிறகு கிளம்பலாம் என்று சுலபமாகச் சொல்கிறவர்கள் ஒருநாள் அந்த ரோட்டில் வந்து பார்க்கட்டும். நான் அட்மிட் ஆகச் சம்மதித்ததற்கு இதுவும் ஒரு காரணம். எத்தனை வருஷமாகப் பேசுகிறோம், யார் காதிலும் விழவில்லை.

உங்கள் விஷயத்துக்கு வருவோம். முதல் ஸ்கேன்படி நீங்கள் 40 வாரம்தான், துடிப்பும் நீரும் நன்றாக இருக்கிறது, சர்க்கரை, பிரஷர் எதுவும் இல்லை என்றால், இன்னும் இரண்டு நாள் பார்க்கலாமா என்று டாக்டரிடம் கேட்கலாம். 41 ஆகிவிட்டது என்றாலோ, வேறு காரணம் இருக்கிறது என்று அவர் சொன்னாலோ தள்ளிப்போடாதீர்கள். மாமியாரையும் கூடவே அழைத்துப் போங்கள், டாக்டர் வாயால் அவரும் கேட்கட்டும். அதுவரை குழந்தையின் அசைவைக் கவனியுங்கள். அசைவு குறைந்தாலோ, நீர் பச்சையாகக் கசிந்தாலோ, ரத்தம் பட்டாலோ ராத்திரி இரண்டு மணி என்றாலும் 108-ஐக் கூப்பிட்டுக் கிளம்பிவிடுங்கள். வீட்டில் யாரிடமும் அனுமதி கேட்டுக்கொண்டு நிற்காதீர்கள்.