பார்த்ததை வாய்விட்டுச் சொல்லுங்கள்: வாசகர் கேள்வி பதில்

லைசென்ஸ் வாங்கி நான்கு மாதம் ஆகிறது. கியர், கிளட்ச் எல்லாம் பழகிவிட்டது. ஆனால் பைக்கும் ஆளும் எப்போதும் ‘திடீரென்று’தான் முளைக்கிறார்கள். கண்ணில் படுவதைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டே ஓட்டிப் பார் என்கிறார் அண்ணன். பேசினால் கவனம் சிதறாதா?
- வாசகி, திருப்பூர்

அண்ணன் சொல்வது பிரிட்டிஷ் போலீஸ் டிரைவர்களுக்கு நெடுங்காலமாகக் கற்றுத்தரப்படும் முறை. நம் ரயில் இன்ஜினிலும் லோகோ பைலட்டும் உதவியாளரும் சிக்னலின் நிறத்தை ஒருவருக்கொருவர் உரக்கச் சொல்லித்தான் உறுதிசெய்துகொள்கிறார்கள். திடீரென்று முளைப்பவர்களில் பலர் முன்பே உங்கள் கண்ணில் பட்டவர்கள்தான்; மனதில் பதியவில்லை, அவ்வளவே. வாயால் சொல்ல வேண்டுமென்றால் பதிந்தே ஆக வேண்டும்.

என்ன இருக்கிறது, என்ன நடக்கலாம், நான் என்ன செய்கிறேன் - இந்த மூன்றையும் சொல்லுங்கள். “டவுன் பஸ் நிக்குது, முன்னாடி ஆள் வரலாம், ஆக்சிலரேட்டர்ல இருந்து கால எடுக்கறேன்.” “நிறுத்தின கார்ல தலை தெரியுது, கதவு திறக்கலாம், ஒரு கதவு அகலம் தள்ளிப் போறேன்.” “மீடியன்ல சந்து, பைக் ராங் சைடுல வரலாம், கண்ணாடி பார்த்துட்டு வேகம் குறைக்கறேன்.” மூன்றாவது பகுதி விட்டுப்போனால் அது கிரிக்கெட் வர்ணனை, பயிற்சி ஆகாது.

பலர் தடுமாறுவது வாக்கியத்தின் நீளத்தில். 60 கி.மீ. வேகத்தில் கார் நொடிக்கு ஏறக்குறைய 17 மீட்டர் போகிறது. மூன்று நொடி வாக்கியத்தை முடிப்பதற்குள் 50 மீட்டர் கடந்திருப்பீர்கள். அதாவது, தாண்டிவிட்ட பஸ்ஸைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பீர்கள். பழகப் பழகச் சுருக்குங்கள்: “பஸ்... ஆள்... கால் எடுத்தாச்சு.” கடை போர்டு, பேனர் எல்லாம் வேண்டாம். உங்கள் வேகத்தையோ பாதையையோ மாற்றக்கூடியது மட்டும் போதும். தூரத்தில் தொடங்கி, பக்கத்துக்கு வந்து, கண்ணாடிக்குப் போய் மறுபடி தூரம் என்று பார்வை சுற்றட்டும். “பின்னால லாரி, ஒட்டி வருது” என்பதுபோல ஒரு வரி பத்து நொடிக்கு ஒருமுறையாவது வரவில்லையென்றால் நீங்கள் கண்ணாடியே பார்க்கவில்லை.

சந்தைத் தெருவிலோ மேம்பாலம் வந்து சேருமிடத்திலோ பேச்சு தானாக நின்றுபோகும். மூளைக்குக் கைநிறைய வேலை வந்துவிட்டது என்று பொருள். அப்போது வலிந்து பேசாதீர்கள், வேகத்தைக் குறையுங்கள். உங்கள் சந்தேகமும் முழுக்கத் தவறில்லை: பேசும் அந்த நேரத்தில் எதிர்வினை கொஞ்சம் தாமதப்படலாம். அதனால்தான் இது பத்து நிமிடப் பயிற்சி, பயணம் முழுக்கச் செய்வதில்லை. பேச்சை நிறுத்திய பிறகும் அந்தப் பார்வை நிற்கும். நமக்கு வேண்டியது அதுதான்.

எங்கிருந்து ஆரம்பிப்பது? சரியாகச் செய்கிறோமா என்று எப்படித் தெரியும்?
- வாசகர், நாகர்கோவில்

ஸ்டியரிங் பிடிக்காமல் ஆரம்பியுங்கள். வேறொருவர் ஓட்டும்போது முன்சீட்டில் உட்கார்ந்து ஐந்து நிமிடம், நான்கைந்து நாள். (ஓட்டுபவரிடம் முன்பே சொல்லிவிடுங்கள், குறை சொல்வதாக நினைத்துக்கொள்வார்.) பிறகு தெரிந்த சாலையில், விடிகாலையில், 40 கி.மீ.க்குள், பாட்டை அணைத்துவிட்டு நீங்களே ஓட்டிப் பாருங்கள்.

குரலையும் பதிவு செய்யும் டேஷ்கேம் இருந்தால் அதைவிட நல்ல வாத்தியார் இல்லை. வீட்டில் போட்டுப் பார்த்து, பைக் படத்தில் முதலில் தெரிந்த நொடியையும் நீங்கள் ‘பைக்’ என்ற நொடியையும் குறித்துக்கொள்ளுங்கள். அந்த இடைவெளி வாராவாரம் சுருங்க வேண்டும். சொல்லாமலே விட்டவற்றையும் எண்ணுங்கள். வளைவிலும் சந்திப்பிலும் அதிகம் விட்டிருந்தால், முன்கண்ணாடியின் ஓரத்தூண் மறைத்திருக்கலாம். தலையைச் சற்று முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்கள்.

இரவிலும் இது உதவுமா?
- வாசகர், திண்டுக்கல்

உதவும், ஆனால் முதலில் சொல்ல வேண்டியது “வெளிச்சம் எதுவரை?” என்பதை. ஹெட்லைட்டின் லோ பீம் (தாழ்த்திய வெளிச்சம்) சுமார் 40-50 மீட்டர்தான் எட்டும், 80 கி.மீ. வேகத்தில் ஈரமில்லாத சாலையிலேயே காரை நிறுத்த 60 மீட்டருக்கு மேல் வேண்டும். கணக்கு இடிக்கிறது அல்லவா? இன்னொன்று: தூரத்தில் தெரிந்துகொண்டிருந்த சிவப்பு விளக்கு சட்டென மறைந்தால் “நடுவுல ஏதோ இருக்கு” என்று சொல்லிப் பிரேக்கைத் தொடுங்கள். பின்விளக்கு இல்லாத டிராக்டர் பெரும்பாலும் அப்படித்தான் தன்னைக் காட்டிக்கொள்ளும்.