'லீ' எந்தப் பக்கம்? – கடிதமும் பதிலும்

வணக்கம்.

கடற்பயண நூல்களில் 'லீ' என்ற சொல் அடிக்கடி வருகிறது. அகராதியில் 'காற்று மறைவான பக்கம்' என்று பொருள் போட்டிருக்கிறது. ஆனால் 'லீ ஷோர்' என்றதும் மாலுமிகள் பதறுகிறார்கள். மறைவான கரையைக் கண்டு ஏன் அஞ்ச வேண்டும்?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

அகராதி சரிதான். எதை வைத்துப் பக்கம் சொல்கிறோம் என்பதில்தான் குழப்பம்.

காற்று வரும் திசையைப் பார்த்து நில்லுங்கள். முகம் இருப்பது காற்றுமுகம், முதுகுப்பக்கம் லீ. தீவின் லீ என்றால் தீவை வைத்துச் சொல்வது. அங்கே நிலம் காற்றைத் தடுக்கும், அலை தணியும், நங்கூரம் போடலாம். 'லீ ஷோர்' கப்பலை வைத்துச் சொல்வது. கப்பலின் லீ பக்கம் உள்ள கரை, அதாவது காற்று கப்பலைத் தள்ளிக்கொண்டு போகும் கரை. அந்தக் கரையில் நிற்பவருக்கோ காற்று நேராக முகத்தில் அடிக்கும். மறைவு என்பதே அங்கில்லை.

தப்புவது ஏன் கடினம்? பழைய சதுரப்பாய்க் கப்பல், காற்று வரும் திசையிலிருந்து ஏறக்குறைய 67 பாகை விலகித்தான் ஓட முடியும். ஓடும்போதே பக்கவாட்டில் லீ பக்கமாகச் சறுக்கும். புயலில் பாயைச் சுருக்கினால் வேகம் குறைந்து சறுக்கல் கூடும். கரையை விட்டு விலகுவதைவிடச் சறுக்கல் மிகுந்துவிட்டால் நங்கூரம் ஒன்றுதான் கதி. 1859 அக்டோபரில் வேல்ஸின் ஆங்கிள்சி தீவருகே 'ராயல் சார்ட்டர்' கப்பலுக்கு அதுவும் கைகொடுக்கவில்லை. நங்கூரச் சங்கிலிகள் அறுந்தன. துணைக்கு நீராவி இயந்திரம் இருந்தும் பாறையில் மோதி நானூறுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். இயந்திரக் காலத்தில் இந்த ஆபத்து ஒழிந்துவிட்டதாக நினைக்க வேண்டாம். 2007 ஜூனில் ஆஸ்திரேலியாவின் நியூகாசில் கடற்கரையில் 'பாஷா பல்கர்' என்ற சரக்குக் கப்பல் இப்படித்தான் தரைதட்டியது. சரக்கு ஏற்றாத கப்பல் நீருக்கு மேலே உயர்ந்து நிற்கும். காற்றுக்கு அந்தப் பக்கச்சுவரே பாய்.

லீ உதவும் இடமும் உண்டு. துறைமுகத்துக்குள் வழிகாட்டும் பைலட்டை ஏற்றிவரும் படகு நெருங்கும்போது பெரிய கப்பல் சற்றே திரும்பி, காற்றையும் அலையையும் தன் உடலால் மறைக்கும். கயிற்றேணியை லீ பக்கத்தில்தான் இறக்குவார்கள். எதிர்ப்பக்கம் இறக்கினால் படகு அலையில் எழும்பி ஏணியை நசுக்கிவிடும், ஏறுபவரின் காலையும் சேர்த்து.

இரண்டு பாய்ப்படகுகள் ஒரே பக்கத்தில் காற்று வாங்கி வந்தால், காற்றுமுகத்தில் இருப்பதுதான் லீ பக்கம் உள்ளதற்கு வழிவிட்டு ஒதுங்க வேண்டும். இது 1972 சர்வதேச மோதல் தடுப்பு விதிகளில் 12ஆவது.

மொழிபெயர்ப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: 'லீ ஷோர்' வரும் இடத்தில் 'மறைவுக் கரை' என்று எழுதிவிடாதீர்கள். 'காற்று தள்ளும் கரை' என்றால் மாலுமியின் பதற்றமும் கூடவே வந்துவிடும்.