பட்டி எம்மன்ஸின் ஸ்டீல் கிட்டார்: கேட்டவையும் பதில்களும்

பெடல் ஸ்டீல் கலைஞர் பட்டி எம்மன்ஸின் (1937–2015) வாசிப்பைப் பற்றி வந்த கேள்விகள் இவை. பெடல் ஸ்டீல் என்பது மேசைபோல் கிடத்தி, கம்பிமேல் ‘பார்’ என்ற உலோக உருளையை நகர்த்தி, கால் பெடலால் சுருதியை மாற்றி வாசிக்கும் கிட்டார். எந்த ஆம்ப் (ஒலிபெருக்கி), எந்த எஃபெக்ட் என்று கேட்டவர்கள் பலர். அவர்களுக்கெல்லாம் ஒரே இடத்தில் பதில் இருக்கிறது.

கேள்வி: கன்ட்ரி வாசிக்கும்போது ஒருவர், ஜாஸ் வாசிக்கும்போது வேறொருவர் போலக் கேட்கிறது. ஒரே கருவிதானா?

ஒரே கருவிதான், ஆனால் அதில் இரண்டு நெக், அதாவது கம்பி கட்டிய கழுத்து; ஒவ்வொன்றும் அதன் சுருதி அமைப்பின் பெயரால் வழங்கும். வாசிப்பவருக்குத் தள்ளி இருப்பது ஈ9, அவர் பக்கம் இருப்பது சி6. இரண்டிலும் பத்துப் பத்துக் கம்பிகள்.

ஈ9 நெக்கில் கம்பிகள் நெருக்கமான சுரங்களில் கட்டப்பட்டிருக்கும். மேலிருந்து எஃப் ஷார்ப், டி ஷார்ப், ஜி ஷார்ப், ஈ, பி, ஜி ஷார்ப், எஃப் ஷார்ப், ஈ, டி, பி. முதல் இரண்டு கம்பிகளும் மூன்றாவதைவிடச் சுருதி தாழ்ந்தவை என்பதைக் கவனியுங்கள். 1960களின் தொடக்கத்தில் எம்மன்ஸ் சேர்த்த கம்பிகள் அவை. அவற்றால் பாரை நகர்த்தாமலே அடுத்தடுத்த சுரங்களில் மெலடி ஓட முடிகிறது. இன்று ‘கன்ட்ரி ஸ்டீல்’ என்று காது அடையாளம் காணும் ஒலியில் ஒரு பங்கு இந்த இரண்டு கம்பிகளால் வந்தது.

சி6 கிட்டத்தட்ட ஓர் ஆக்டேவ் கீழே போகும். ஈ9-இன் கடைசிக் கம்பி சுமார் 123 ஹெர்ட்ஸ், சி6-இல் அது சுமார் 65. இங்கே பெடலின் வேலையும் வேறு. ஈ9-இல் பெடல் மெலடியை வளைக்கிறது, சி6-இல் கார்டின் நிறத்தை மாற்றுகிறது. 1963-இல் பாடகர் ரே பிரைஸ் வெளியிட்ட ‘நைட் லைஃப்’ பாட்டின் தொடக்கத்தில் எம்மன்ஸ் வாசிப்பதைக் கேளுங்கள். அது சி6. அதே ஆண்டு எம்மன்ஸின் ‘ஸ்டீல் கிட்டார் ஜாஸ்’ ஆல்பமும் வந்தது. இரண்டையும் ஒரே மாலையில் கேட்டால், நெக் மாறினாலும் வலது கை மாறவில்லை என்பது பிடிபடும். சுரம் தொடங்கும் கூர்மையும் அது முடியும் சுத்தமும் இரண்டிலும் ஒன்றே.

கேள்வி: சித்திரவீணையில் கம்பிமேல் ‘கோட்டு’ உருளையை நகர்த்துவதும் இதுவும் ஒன்றுதானே?

பார் நகர்வது வரை ஒன்றுதான். பாரை நகர்த்தினால் எல்லாக் கம்பிகளும் சேர்ந்து நகரும். பெடலை மிதித்தால் ஒன்றிரண்டு கம்பிகள் மட்டும் ஏறும், மற்றவை நின்ற இடத்தில் நிற்கும். நிற்கும் சுரத்தின் மேல் இன்னொன்று உரசிக்கொண்டு ஏறுகிறதே, அந்த ஒலிதான் பெடல் ஸ்டீல்.

கேள்வி: அந்த ஒலியைக் கண்டுபிடித்தவர் எம்மன்ஸ்தானா?

இல்லை. 1954-இல் பாடகர் வெப் பியர்ஸின் வெற்றிப் பாட்டு ஒன்றில் ஸ்டீல் கலைஞர் பட் ஐசக்ஸ் அதைக் கேட்க வைத்தார். அவர் கருவியில் ஒரே பெடல் இரண்டு சுருதி மாற்றத்தையும் சேர்த்துச் செய்தது. எம்மன்ஸ் அதை இரண்டு பெடலாகப் பிரித்தார். இன்றைய ஏ பெடல் பி கம்பிகளை (5, 10) சி ஷார்ப்புக்கு ஒரு முழுச் சுரம் ஏற்றும். பி பெடல் ஜி ஷார்ப் கம்பிகளை (3, 6) ஏ-க்கு அரைச் சுரம் ஏற்றும். தனித்தனியாக மிதிக்கலாம், ஒன்றை முன்னும் மற்றதைப் பின்னும் மிதிக்கலாம். வாக்கியம் போல் நீளும் அவர் வரிகள் அந்தப் பிரிவினையில் பிறந்தவை.

கேள்வி: ஒரே கார்டை வெவ்வேறு இடத்தில் வாசிக்கிறார். எப்படி அடையாளம் காண்பது?

ஜி மேஜரை எடுத்துக்கொள்ளுங்கள். 3-ஆம் ஃப்ரெட்டில் (நெக்கில் வரைந்த சுர இடக் கோடு) பெடல் இல்லாமல். 6-இல் ஏ பெடலோடு, ஈ கம்பிகளை எஃப்-க்கு ஏற்றும் முழங்கால் லீவர். 10-இல் ஏ, பி இரண்டு பெடலும். 15-இல் மறுபடி வெறுமனே. ஒவ்வோர் இடத்திலும் எந்தச் சுரம் மேலே நிற்கிறது என்பது மாறும். எம்மன்ஸ் பாடகரின் வரிக்கு மேலே எந்தச் சுரம் வேண்டுமோ அதைப் பார்த்து இடத்தைத் தேர்ந்தெடுப்பார். நான்கையும் மெதுவாக ஒன்றன்பின் ஒன்றாக வாசித்துப் பழகுங்கள், காது தானாகப் பிரித்துச் சொல்லும்.

கேள்வி: என்ன ஆம்ப்?

கடைசியில்.

கேள்வி: வேகமாக வாசிக்கும்போதும் சுரங்கள் ஒன்றோடொன்று குழம்பாதது எப்படி?

பிளாக்கிங். ஒரு சுரத்தை எழுப்புவதைவிட முந்தைய சுரத்தை நிறுத்துவதில்தான் பாதி வாசிப்பு இருக்கிறது. இரண்டு வழிகள் உண்டு. உள்ளங்கையின் சுண்டுவிரல் பக்க ஓரத்தைக் கம்பிமேல் வைத்து நிறுத்துவது பாம் பிளாக்கிங். அடுத்துத் தட்ட வரும், விரலில் மாட்டிய பிக்கே கம்பியைத் தொட்டு நிறுத்துவது பிக் பிளாக்கிங். முதலாவதில் சுரம் மென்மையாக அடங்கும், இரண்டாவதில் வேகம் கிடைக்கும். இடது கையில் பாருக்குப் பின்னால் இருக்கும் விரல்களைக் கம்பிமேல் படுத்து வையுங்கள். அவை எழும்பினால் பாருக்குப் பின்புறக் கம்பி கிறீச்சிடும். அதை ஆம்பின் குற்றம் என்று நினைத்துத் தேடுகிறவர்கள் அதிகம்.

கேள்வி: வைப்ரேட்டோ (பாரை ஆட்டிச் சுரத்தை அசைப்பது) எனக்கு அழுவது போல் வருகிறது. அவருக்கு ஏன் வருவதில்லை?

24 அங்குல ஸ்கேலில் முதல் ஃப்ரெட்டின் அகலம் சுமார் 34 மி.மீ. 12-ஐத் தாண்டியதும் அது 17, 24-ஐத் தாண்டியதும் 8.5. ஒரே அளவு கை அசைவு மேலே போகப் போக இரண்டு மடங்கு, நான்கு மடங்கு சுருதியை ஆட்டும். எனவே மேலே போகும்போது அசைவைக் குறையுங்கள். சுரம் பிடித்ததும் உடனே ஆட்டாமல் ஒரு நொடியாவது நேராக நிற்க விடுங்கள். ஸ்டீல் கலைஞர் ஜான் ஹியூகி மேல் ஃப்ரெட்களிலேயே உருகி வாசித்தவர். அவ்வளவு உயரத்திலும் சுருதி நழுவாது.

கேள்வி: எனக்கு ஒலி சட்டென்று அடங்கிவிடுகிறது. வால்யூம் பெடலை முழுக்க அழுத்துகிறேன்.

அதுதான் காரணம். தட்டும்போது பாதியளவில் இருங்கள். கம்பி அடங்க அடங்கப் பெடலை முன்னே தள்ளுங்கள், சுரம் ஒரே அளவில் நீளும். தொடக்கத்திலேயே முழுக்க அழுத்திவிட்டால் கூட்ட ஒன்றும் மிச்சமில்லை. ஒவ்வொரு சுரத்துக்கும் மூடித் திறக்கவும் வேண்டாம். பிக் விழும் ஒலி காணாமல் போகும், தாளமும் கூடவே போகும்.

கேள்வி: கை, கை என்கிறீர்கள். அவர் ஒலி முழுக்க அந்த எம்மன்ஸ் புஷ்-புல் கருவியால் வந்தது.

அந்தக் கருவியைச் செய்த எம்மன்ஸ் நிறுவனம் தொடங்கியது 1963-இல். அதற்கு முன் பாடகர் எர்னஸ்ட் டப் குழுவில் அவர் ஷோ-பட் என்ற வேறு நிறுவனக் கருவி வாசித்தார். அந்தப் பதிவுகளிலும் அதே கூர்மை இருக்கிறது.

மறுபடி அவரே: அப்படியானால் புஷ்-புல்லுக்குத் தனி ஒலியே இல்லையா?

இருக்கிறது, அதை மறுக்கவில்லை. புஷ்-புல், ஆல்-புல் இரண்டும் பெடல் கம்பியின் சுருதியை மாற்றும் பொறியின் வகைகள். புஷ்-புல்லில் கம்பியைத் தாங்கும் ‘ஃபிங்கர்’ என்ற உலோகப் பாகம் ஒற்றைத் துண்டு. ஓய்வில் அது கருவியின் உடல்மேல் அழுந்தி நிற்கும். ஆல்-புல்லில் அந்த ஃபிங்கர் ரிவெட்டால் சேர்த்த துண்டுகள். அதனால் தொடக்க ஒலி புஷ்-புல்லில் அடர்த்தியாக வரும். ஆனால் பிரிட்ஜிலிருந்து பிக் நாலு விரல் தள்ளிப் போனால் வரும் மாற்றம் இதைவிடப் பெரியது.

இன்னொருவர்: நான் இரண்டையும் கேட்டேன். பெரிய வித்தியாசம்.

ஒரே ஆள், ஒரே பிக், ஒரே ஆம்பா? வெவ்வேறு பதிவுகளை ஒப்பிட்டிருந்தால் அது கருவிகளின் ஒப்பீடு இல்லை.

கேள்வி: மூன்றாவது கம்பி அடிக்கடி அறுகிறது.

0.011 அங்குலக் கம்பி, அறுபடும் எல்லைக்கு மிக அருகிலேயே இழுத்துக் கட்டப்பட்டிருக்கிறது. பி பெடல் ஒவ்வொரு தடவையும் அதைச் சேஞ்சரின் (கம்பியின் சுருதியை மாற்றும் பொறி) வளைவில் மடித்து நிமிர்த்துகிறது. கூடுதல் கம்பிகள் வைத்திருங்கள். அந்த வளைவில் பள்ளம் விழுந்திருந்தால் மெருகிடச் சொல்லுங்கள்.

கேள்வி: அவருடைய ஆம்ப் செட்டிங் சொல்ல முடியுமா?
கேள்வி: எந்த ரிவெர்ப் (எதிரொலி எஃபெக்ட்)?
கேள்வி: தொடக்கத்துக்கு எந்த ஆம்ப் நல்லது?

மூவருக்கும் சேர்த்து: அதிகம் கூட்டினாலும் ஒலி உடையாத சுத்தமான ஆம்ப், 15 அங்குல ஸ்பீக்கர், கொஞ்சம் ரிவெர்ப். பிறகு வால்யூம் பெடலைப் பற்றி மேலே சொன்னதைப் படியுங்கள்.

புஷ்-புல் நண்பர்: வலது கை ஒன்றே என்பதை எப்படி நிரூபிப்பீர்கள்?

நீங்களே சோதிக்கலாம். வால்யூம் பெடலைக் கழற்றிவிட்டுக் கருவியை நேரே ஆம்பில் செருகுங்கள். ஒரே வரியைப் பிரிட்ஜ் ஓரத்தில் ஒரு முறை, பிக்கப்பிலிருந்து (கம்பியின் அதிர்வைப் பிடிக்கும் பாகம்) ஒரு கை தள்ளி ஒரு முறை, பாம் பிளாக்கிங்கில் ஒரு முறை, பிக் பிளாக்கிங்கில் ஒரு முறை பதியுங்கள். அந்த நான்கையும் இன்னொரு கருவியிலும் அதே ஆம்பில் பதியுங்கள். எட்டையும் கலைத்து, எது எது என்று தெரியாத ஒருவரிடம் கொடுத்து, ஒன்றுபோல் இருப்பவற்றைச் சேர்த்து வைக்கச் சொல்லுங்கள். கருவிவாரியாகச் சேர்க்கிறாரா, கைவாரியாகச் சேர்க்கிறாரா என்று பார்த்துவிட்டு எழுதுங்கள்.