ஏரேட்டர் வாங்கும் முன் இதைப் பாருங்கள்

சார், தண்ணீரில் காற்றைக் கலக்கும் ஏரேட்டர் இப்போது வேண்டாம். ஆரணி ஆலையின் கழிவுநீர்க் குட்டையில் தண்ணீர் 12 நாள் தங்கும் என்று கணக்குப் போட்டும் வெளிவரும் நீர் நாறுகிறது என்கிறீர்கள், ஆனால் நீங்கள் போட்ட படத்தில் உள்வரும் குழாயும் வெளியேறும் குழாயும் ஒரே குறுகிய கரையில்தான் இருக்கின்றன. அப்புறம் தண்ணீர் எதற்குக் குட்டையைச் சுற்றப் போகிறது? நேராகக் குறுக்கே ஓடி வெளியே வந்துவிடும், மறுகோடி சும்மா கிடக்கும்.

முதலில் அடியில் படிந்த வண்டலை அளந்து பாருங்கள். நீளக் கம்பில் வெள்ளைத் துணி சுற்றி மெதுவாக அடிவரை இறக்கி எடுத்தால் கறை நின்ற உயரம்தான் வண்டல் (ஒருவராகப் போகாதீர்கள், வழுக்கும்). ஆழத்தில் மூன்றில் ஒரு பங்கு அதுவே என்றால் தூர் வாராமல் வேறு எது செய்தும் பயனில்லை.

சரி, அடுத்தது தடுப்பு. இரண்டு குழாய்க்கும் நடுவில் அந்தக் கரையிலிருந்தே தொடங்கி, குட்டை நீளத்தில் சுமார் 70 சதவீதம் வரை நீளவாக்கில் ஒரு திரை. தார்ப்பாய் வெயிலில் பிய்ந்துவிடும், குட்டைக்கு அடியில் விரிக்கிற கறுப்பு ஹெச்டிபிஇ பிளாஸ்டிக் ஷீட்டே நல்லது, மேலே மிதவை, கீழே கனத்துக்குச் சங்கிலி. ஆசைப்பட்டு நாலைந்து திரை போட்டு முதல் அறையைச் சின்னதாக்கிவிடாதீர்கள், ஆலையிலிருந்து வரும் கஞ்சித் தண்ணீரின் அழுக்குப் பாரமெல்லாம் அங்கேயே விழுந்து நாற்றம் கூடும்.

வெளியேறும் குழாயில் ஒரு டீ (T வடிவ இணைப்பு) மாட்டி வாயைத் தண்ணீருக்குள் இறக்குங்கள், மேலே மிதக்கும் பாசியும் நுரையும் வெளியே வராது.